கிணற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

புதிய இடத்தில் குடியேறும் குடும்பம் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றித்தான். கூரைக்கு ஓடு வரப் பிந்தினால் தகரத்தைப் போட்டுச் சமாளிக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் போகாது. ஆகவே கிணறு ஒன்று கண்ணில் பட்டதும் வாளியை இறக்கிப் பார்க்கிறோம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. வாயில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. 'நல்ல தண்ணி' என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறோம்.

ஊவாவில் இப்படிக் குடிபெயர்ந்தவர்கள் பலர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் நீண்ட காலம் தற்காலிக இடங்களில் இருந்துவிட்டு, 2016இல்தான் புதிய வீடுகளுக்குப் போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் ஒன்றாக இழந்த குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கின. அவர்களையும், அவர்களைப் போன்றோரையும் மனதில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

லயத்தில் இருந்தவரை தண்ணீர் தோட்டத்தின் பொறுப்பு. பீலியில் வந்தது, அல்லது டேங்கியிலிருந்து பைப்பில் வந்தது. பழுதானால் தொரையிடம் முறையிடலாம். திருத்தினார்களோ இல்லையோ, முறையிட ஓர் இடம் இருந்தது. சொந்தத் துண்டு நிலத்துக்கு வந்தபின் கிணறு நம்முடையது. அதனால் வரும் நோயும் நம்முடையதே.

தெளிவும் சுத்தமும்

வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. நோயாளியின் மலத்திலிருந்து அவை வெளியேறுகின்றன. ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். அது ஒரு கிணற்றில் கரைந்தாலும் தண்ணீரின் நிறம் மாறாது, மணமும் மாறாது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டும், முருங்கை விதையை இடித்துப் போட்டும் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். அது நல்ல பழக்கமே. ஆனால் அழுக்கைப் படியவைப்பது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறொரு வேலை. தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

'எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம், ஒன்னும் ஆகல' என்று சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். தாத்தா காலத்தில் அந்த ஊற்றுக்கு மேலே எத்தனை வீடுகள் இருந்தன, எத்தனை மலசலகூடக் குழிகள் இருந்தன என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்.

கிணற்றைச் சோதிக்க நினைப்பவர் முதலில் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் மேல்நோக்கி நடக்க வேண்டும். சமதரையில் கிணற்று நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். நமது நாட்டில் அது பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையின்மேல் வழிந்து, சரிவோடு கீழே வந்து நமது கிணற்றில் ஊறுகிறது. வழியில் எதைத் தொட்டதோ அதையும் கொண்டுவருகிறது. நூறு, இருநூறு அடி மேலே நடந்து பாருங்கள். அங்கே மலசலகூடக் குழி இருக்கிறதா, மாட்டுக்கொட்டில் இருக்கிறதா, கான் ஒன்று உடைந்து பரவி ஓடுகிறதா, மரக்கறித் தோட்டத்துக்கு எரு குவித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 100 அடி இருந்தால் நல்லது. அனர்த்த காலத்து முகாம்களுக்குச் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட விதியும் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி என்கிறது. குழியின் அடிப்பகுதி மழைக்காலத்து நீர்மட்டத்துக்கு 5 அடியாவது மேலே இருக்க வேண்டும் என்பதும் அதிலுண்டு. மலையில் இந்தத் தூரத்தைவிட முக்கியமானது, குழி கிணற்றுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது. கீழே 50 அடியில் உள்ள குழியைவிட மேலே 80 அடியில் உள்ள குழியே பயத்துக்குரியது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி என்று பேசப்பட்டு, பல இடங்களில் அப்படியே கொடுக்கவும்பட்டது. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. 7 பேர்ச் 1,905 சதுர அடி. அதைச் சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 44 அடிக்கும் குறைவு. 10 பேர்ச் என்றாலும் 52 அடிதான். நடுவில் வீடும் நிற்க வேண்டும். ஒரே காணியில் சொந்தக் கிணறும் சொந்தக் குழியும் வைத்துக்கொண்டு 50 அடி விதியையும் காப்பாற்றுவது நடக்கிற காரியமல்ல. நம் காணியில் ஒழுங்காக வைத்தாலும் மேல்வீட்டுக்காரரின் குழி நமது கிணற்றுக்கு 20 அடியில் இருக்கலாம்.

ஆகவே, புதிதாகக் குடியேறும் இடங்களில் வீட்டுக்கு ஒரு கிணறு என்று ஆசைப்படாமல், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மேட்டுப் பக்கத்தில் ஒரு கிணறு தோண்டுவதே புத்தி. குழிகள் எல்லாம் அதற்குக் கீழே அமையட்டும். வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டுமுன் இதைப் பேசி முடிக்க வேண்டும். வெட்டியபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஏற்கெனவே குழி மேலே அமைந்துவிட்டதென்றால், கிணற்றை மூடிவிட்டு வேறு கிணறு தோண்டுவதைவிடக் குழியைக் கீழே மாற்றுவது பெரும்பாலும் செலவு குறைந்தது. மாற்றும்வரை அந்தக் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் எடுங்கள்.

கொதிக்கவைத்தாலும் போகாதது

மேட்டில் மரக்கறித் தோட்டமோ தேயிலை மலையோ இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் யூரியாவும் எருவும் தாராளமாகப் போடுகிறார்கள். பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி, நைத்திரேற்று என்ற உப்பாக மழையோடு கீழே இறங்குகிறது. குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் தர விதி. புட்டிப்பால் குடிக்கும், 6 மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இது ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இந்த உப்பு கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பின் செறிவு கூடவே செய்யும். குளோரினும் இதற்கு மருந்தல்ல. பூச்சிமருந்து, களைகொல்லி விடயமும் அப்படியே. மருந்தடிக்கும் மெசினையும் வெற்றுப் போத்தல்களையும் கிணற்றடியில் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் பச்சைக் குழந்தைக்கு இந்தக் கவலையே இல்லை.

மலைக்குக் கீழே மகியங்கனைப் பக்கம் காணி கிடைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராந்துருகோட்டைப் பகுதி, காரணம் இன்னதென்று முடிவாகாத சிறுநீரக நோய் அதிகம் காணப்படும் இடங்களில் ஒன்று. அங்குள்ள கிணறுகளில் நீர் கடினமானது, புளோரைட்டும் கூடுதல். இலங்கைத் தர விதி புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் எல்லை வைத்திருக்கிறது. மேலே மலையில் நமக்குப் பழக்கமான ஊற்றுநீர் வேறு, அங்குள்ள கிணற்று நீர் வேறு. அங்கே கொதிக்கவைப்பது மட்டும் போதாது. குழாய்நீர் அல்லது வடிகட்டிய நீர் கிடைக்கும் இடம் எது என்று விசாரித்துக்கொண்டே வீடு போடுங்கள்.

மலையின் அடியில் நடப்பதும் கிணற்றைத் தொடும். உமா ஓயா திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மறுபடியும் அப்படி நடந்து, 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பவுசர் வரும் நாளை எதிர்பார்த்து டேங்கிகளுக்கு அருகே வரிசையில் நிற்க நேர்ந்தது. வற்றிக் கிடந்து மறுபடியும் ஊறும் கிணற்றைப் புதுக் கிணறாகவே கருத வேண்டும். கழுவிக் கிருமி நீக்காமல் அதிலிருந்து குடிக்கக் கூடாது.

இன்னொன்று, சுகாதாரத்தைவிடவும் அவசரமானது. மழை பெய்துகொண்டிருக்கும்போது கிணற்று நீர் திடீரெனச் சேறாகக் கலங்கினால், மட்டம் சட்டென்று ஏறினால் அல்லது இறங்கினால், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், அது மலை நகரத் தொடங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கிணற்றைப் பற்றி யோசிக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு சரிவை விட்டு விலகுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவியுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணறு

வெள்ளமோ சேறோ புகுந்த கிணற்றைக் கழுவும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தவறாகச் செய்து உயிர் போன சம்பவங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

மழை விட்ட மறுநாளே நீரை முழுதாக இறைக்க வேண்டாம். சுற்றிலும் மண் நனைந்து கனத்திருக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் சுவர் உள்ளே சரியும். வெளியே நீர் வடிந்து, மண் ஓரளவு இறுகிய பிறகு மெதுவாக இறையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோலில் ஓடும் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. இந்த வாயுவை அது காட்டிக்கொடுக்காது. பம்பை மேலே, கிணற்று வாயிலிருந்து தள்ளி வையுங்கள். ஒருவர் இறங்கத்தான் வேண்டுமென்றால் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவராவது நிற்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது குளோரின் கலக்கவே கூடாது.

சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பின் ஊறிய நீரை அளக்க வேண்டும். கிணற்றின் குறுக்களவை அடியில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். பிறகு 22ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். குறுக்களவு 4 அடி, நீர் 6 அடி என்றால், 4ஐ 4ஆல் பெருக்க 16, அதை 6ஆல் பெருக்க 96, அதை 22ஆல் பெருக்க 2,112 லீற்றர்.

நம் பகுதியில் கிடைப்பது டி.சி.எல். என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் வெளிற்றும் தூள். புதிதாக இருந்தால் அதில் 100க்கு 30 பங்கு அளவில் குளோரின் இருக்கும். திறந்து வைத்தாலும் ஈரம் பட்டாலும் சத்துப் போய்விடும்; மூக்கைத் துளைக்கும் மணம் இல்லாத தூள் வெறும் சுண்ணாம்புதான். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லீற்றருக்கு 50 கிராம் வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு ஏறத்தாழ 105 கிராம். தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாளி நீரில் நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் அடைய விடுங்கள். அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்ற வேண்டாம். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்துக் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். இரவு முழுதும் விட்டு, காலையில் குளோரின் மணம் பெரும்பாலும் போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். கொட்டும் நீர் நாற்றுமேடைக்கோ மீன் உள்ள ஓடைக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஊறும் நீரை, பரிசோதனை முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

சாதாரண காலத்தில் இவ்வளவு தேவையில்லை. 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் போதும். அதே கிணற்றுக்கு 5 கிராம், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மாலையில் எல்லோரும் தண்ணீர் எடுத்த பின் போட்டால் காலையில் எடுக்கலாம். அவசரமென்றாலும் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இதன் பலன் நிலையானதல்ல. புது நீர் ஊற ஊறக் குளோரின் தீர்ந்துவிடும். மேலே குழி இருக்கும் கிணற்றுக்கு வாராவாரம் தூள் போட்டுக்கொண்டு குழியை மாற்றாமல் இருப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதைப் போன்றது.

எப்போது செய்வது? ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். நமது தேயிலைக்குப் பேர்போன வாசம் வருவதும் அக்காலத்தில்தான். கிணறும் அப்போது அடிமட்டத்தில் இருக்கும். சேறு அள்ளவும், சுவர் வெடிப்பைச் சீமெந்தால் பூசவும், வாயைச் சுற்றி 3 அடியாவது தளம் போட்டு நீர் வெளியே ஓடக் கான் வெட்டவும் அதுவே காலம். ஐப்பசியில் முதல் மழை, வறட்சி முழுதும் மேட்டில் சேர்ந்த அழுக்கை ஒரே நாளில் கழுவிக் கொண்டுவரும். அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கூடுகிறது என்று தாய்மார் சொல்வதில் நியாயமிருக்கிறது.

கட்டு இல்லாத கிணறு இருந்தால் இரண்டரை அடிக்காவது கட்டு எழுப்புங்கள். மூடி போடுங்கள். ஒரு கிணற்றுக்கு ஒரே வாளி, ஒரே கயிறு. வீட்டுக்கு வீடு வாளி கொண்டுவந்தால், எந்த வாளி எந்தத் தரையில் இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. முகாம்களிலும், அயல் கிராமத்தார் கிணறு தந்து உதவும் இடங்களிலும் வாளிப் பிரச்சினையே முதலில் வரும். வாளி கொளுக்கியில் தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பாதிச் சச்சரவு தீரும்.

அடுப்படியில்

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். அங்கே நீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 'நம்ம ஊர்ல தண்ணி சரியா கொதிக்காது, கிருமி சாகாது' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கிருமி சாக அந்தச் சூடு தாராளம். குமிழி பொங்கிப் புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு விறகை வீணாக்கத் தேவையில்லை. போத்தலில் நீரை ஊற்றி ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் முறையும் உண்டு. மூட்டம் மூடும் நாட்களில் அதை நம்பக் கூடாது.

கொதித்த நீரைக் கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். நல்ல நீர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாய் அகன்ற குடத்தில் ஊற்றி, கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு கோப்பையை உள்ளே விட்டு எடுத்தால், கிணற்றில் பட்ட பாடு வீண். வாய் குறுகிய பாத்திரமோ, குழாய் வைத்த கேனோ வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சவர்க்காரம் இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது?

தோட்டப் பகுதிகளில் செலவு செய்யப் பிரதேச சபைக்கு அதிகாரமில்லை என்ற பதிலை நம் மக்கள் பல காலம் கேட்டார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை விலக்கப்பட்டது. பொதுக்கிணறு, அதற்கான தளம், கான் இவற்றைக் குடும்பங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். காணி தோட்டத்துக்குரியதாக இருந்தால் நிருவாகத்தின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சம்மதம் அடுத்த தொரை வரும்வரைதான்.

நீரைப் பரிசோதிக்க, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மாதிரியை அவரே வந்து எடுப்பது நல்லது. நீங்களே எடுக்கும்படி சொன்னால், கிருமி நீக்கிய போத்தலை அவரிடமே வாங்குங்கள்; சோடாப் போத்தலில் எடுத்த மாதிரியால் பயனில்லை. மூடியின் உட்புறத்தைத் தொடாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே ஒப்படையுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில் ஈ கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே குடிநீருக்கான விதி. கிருமியை மட்டுமல்ல, மேட்டில் மரக்கறித் தோட்டம் இருந்தால் நைத்திரேற்றையும் பார்க்கும்படி சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்க்கமாட்டார்கள். போத்தலில் ஒட்டும் துண்டில் எந்தக் கிணறு, எடுத்த நாளும் நேரமும், கடைசியாகக் குளோரின் போட்ட திகதி ஆகியவற்றை எழுதுங்கள். அதன் பிரதியொன்றை வீட்டுக் கொப்பியிலும் எழுதி வைத்தால், அடுத்த ஐப்பசியில் எடுக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.